இன்னிக்கு எவ்வளவு எழுதினீங்க டீச்சர்? கதை, நாவல் எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். இரண்டு சிறுகதைத் தொகுப்பு வந்திருக்கிறது. ஒரு நாவல் ஒன்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. மாதக் கடைசி ஞாயிறு எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏழெட்டுப் பேர் கூடி, எழுதியதை வாசித்துக் காட்டுவோம். கடலைமிட்டாயும் சுக்குக்காப்பியும் உண்டு. ஆட்கள் மாறுகிறார்கள், கேட்கிற சந்தேகங்கள் மாறுவதில்லை. ஒவ்வொரு புது ஆளுக்கும் முதலிலிருந்து சொல்லித் தொண்டை வற்றிப்போனதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்ட பேச்சிலேயே இருக்கின்றன.

டீச்சர், ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை எழுதணும்?

கிரஹாம் கிரீன் நாளுக்கு 500 சொல் என்று வைத்திருந்தார். ஸ்டீபன் கிங், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 1,000 சொல் என்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிராலப் எதிரில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதினார். இதையெல்லாம் படித்துவிட்டு நம் ஆட்கள் 1,000 என்று சங்கல்பம் செய்துகொள்வார்கள். மூன்றாம் நாள் பேனாவை மூடிவிடுவார்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அவை ஆங்கிலச் சொல் கணக்கு. ‘போய்க்கொண்டிருந்தவளிடமிருந்து’ என்பது தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் இதற்கு ஐந்தாறு சொல் செலவாகும். நான் மொழிபெயர்த்துப் பார்த்த அளவில் ஆங்கிலத்தின் 1,000 சொல் தமிழில் 700-ஐ ஒட்டி வருகிறது. ஆகவே அவர்கள் எண்ணை அப்படியே நம் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

நான் சொல்வது 200. சிரிக்காதீர்கள். வருடத்தில் 250 நாள் எழுதினால் 50,000 சொல். டெமி அளவுப் புத்தகத்தில் (நாவல்கள் வழக்கமாக அச்சாகும் அளவு) பக்கத்துக்குச் சுமார் 200 சொல் என்று வைத்தால் 250 பக்க நாவல். மிச்சம் 115 நாள் கல்யாணம், காய்ச்சல், கோவில் கொடை, தேர்தல் வேலை எல்லாவற்றுக்கும் போகட்டும்.

கம்ப்யூட்டர் காட்டுற எழுத்து எண்ணிக்கையை எழுதி வைக்கலாமா?

சொல் எண்ணிக்கையை நம்பலாம், எழுத்து எண்ணிக்கையை நம்பாதீர்கள். ‘எழுத்து’ என்ற சொல்லில் நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடு முறையில் உயிர்மெய்யின் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியாகப் பதிவாவதால் பல மென்பொருள்கள் அதை ஏழு என்று காட்டும். எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி ஒரே நாளில் ஆறாயிரம் எழுத்து எழுதியதாகப் பெருமைப்பட்டான். பாவம், எண்ணிப் பார்த்தபோது பாதி புள்ளியும் கொம்பும்.

சேர்த்தும் பிரித்தும் எழுதுவதில் சொல் எண்ணிக்கையும் கொஞ்சம் ஆடும். ‘வந்து விட்டான்’ இரண்டு, ‘வந்துவிட்டான்’ ஒன்று. எப்படி எழுதினாலும் ஒரே மாதிரி எழுதினால் போதும். நேற்றைய உங்களோடு இன்றைய உங்களை ஒப்பிடத்தான் இந்த எண். கையால் எழுதுகிறவர்கள் பக்கக் கணக்கே வைத்துக்கொள்ளலாம்.

நீங்க ஒரு நோட்டு வச்சிருக்கீங்களாமே, அதுல என்னதான் எழுதுவீங்க?

கோடு போட்ட சாதாரண நாற்பது பக்க நோட்டு. பக்கத்தை நெடுக்காகப் பிரித்து மூன்று பத்தி. முதலாவதில் தேதி. இரண்டாவதில் எண்ணும், அன்று கதையில் என்ன நடந்தது என்று ஒரு வரியும். மூன்றாவதுக்கு ‘நாளை’ என்று பெயர். நாளை உட்காரும்போது எந்த இடத்தில் தொடங்குவேன் என்பதை அதில் எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

ஒரு மாதிரி தருகிறேன். என் நாவல் 1980-களில் தீப்பெட்டி ஆபீஸுக்கு (தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) விடிவதற்கு முன்பே ஊர் ஊராக வந்து பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிப்போன பஸ்களைப் பற்றியது. சீனியம்மா என்றொருத்தி, அவளுக்குப் பத்து வயது மகள். ‘ஜூன் 12. 310. சீனியம்மா தூக்குவாளியில் கஞ்சி ஊற்றுகிறாள். மகள் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். நாளை: தெருவில் இறங்கியதும் நாய் குரைக்கும், மேலத்தெருக்காரி லாந்தரோடு வருவாள்.’ மறுநாள் என்ன எழுதுவது என்று நான் யோசிக்கவே இல்லை. நாயைக் குரைக்க வைத்தேன். மற்றது தானாக வந்தது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்திவிடுவேன் என்று அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1958-இல் வெளியான பேட்டியில் சொல்லியிருக்கிறார். அவரும் தன்னை ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்க, அட்டையில் தினக்கணக்கு எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார். 450, 575, 462, 1,250 என்று ஏறி இறங்கும். அந்த அட்டையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அவருக்கு நாவல்களை முடித்துக் கொடுத்தது தெரிந்த இடத்தில் நிறுத்தும் பழக்கம்தான் என்பது என் எண்ணம். எண்ணை விட்டாலும் விடுங்கள், மூன்றாம் பத்தியை விடாதீர்கள்.

எழுதுறதுக்குக் காலை நல்லதா ராத்திரி நல்லதா?

வீட்டில் யாரும் உங்களைக் கூப்பிடாத நேரம் நல்லது. டிராலப் விடிகாலை ஐந்தரைக்கு மேஜையில் உட்கார்ந்துவிடுவார். அவரை எழுப்பிக் காப்பி கொடுக்க ஒரு வேலையாளுக்கு வருடத்துக்கு ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்தாராம். நம் வீட்டுப் பெண்கள் ஐந்தரைக்கு அடுப்பில் காப்பி போடுகிறவர்கள். அவர்களை யார் எழுப்பி எழுது என்று உட்கார வைப்பது? அமெரிக்க நாவலாசிரியை டோனி மோரிசன் பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, பிள்ளைகள் எழுவதற்கு முன் எழுதிய கதை நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. எனக்குக் கிடைப்பது ராத்திரி ஒன்பதரை முதல் பத்தேகால் வரை.

அக்கா, எனக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க, மாமியார் படுக்கையில. தினமும்னா முடியவே முடியாது. விட்டுடட்டுமா?

‘தினமும்’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள், எழுத்தை விட வேண்டாம். வாரத்தில் எந்த மூன்று நாள் உங்களுக்கு அரைமணி கிடைக்கும் என்று பாருங்கள். அந்த மூன்றுதான் உங்கள் நாட்கள். மற்ற நாளில் எழுதவில்லை என்று வருத்தப்படக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் போகவில்லையே என்று யாராவது அழுவார்களா?

இன்னொன்று. விட்டுப்போன நாளின் 200-ஐ மறுநாள் கணக்கில் ஏற்றி 400 என்று வைக்காதீர்கள். அப்படி வைத்தால் ஒரு வாரக் காய்ச்சலுக்குப் பிறகு 1,400 கடன் நிற்கும். அந்தக் கடனைப் பார்த்து பயந்தே நோட்டைத் தொட மாட்டீர்கள். கந்துவட்டிக்கு வாங்கினவர் கடைத்தெருப் பக்கமே போகாத மாதிரிதான். முன்கூட்டிச் சேர்த்து வைப்பது வேறு, அதைச் செய்யலாம். ஹெமிங்வே கணக்கில் வரும் அந்த 1,250 அப்படிச் சேர்த்ததுதான். மறுநாள் மனது உறுத்தாமல் மீன் பிடிக்கப் போக வேண்டும் என்று கூடுதலாக எழுதிவிடுவாராம்.

அலையும் வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டிராலப் தபால் துறை அதிகாரி. ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ நாவலின் பெரும்பகுதியை ரயில் பயணங்களில் மடிமேல் பலகை வைத்துப் பென்சிலால் எழுதினார். பிறகு அவர் மனைவி அதைப் படியெடுத்தார். மனைவி படியெடுத்ததை நம் கூட்டத்து ஆண்கள் மட்டும் உற்சாகமாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

ஒரு மாசம் நோட்டைத் தொடவே இல்ல. எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

எனக்கு இது வருடாவருடம் நடக்கும். மார்ச்சில் பொதுத்தேர்வு, ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாம். ராத்திரி கண்ணை மூடினால் சிவப்பு மைதான் தெரியும். மே மாதம் நாவலைத் திறந்தால் சீனியம்மா யாரோ மாதிரி இருப்பாள்.

அப்போது எல்லோரும் செய்யும் தப்பு, முதல் அத்தியாயத்திலிருந்து படிக்கத் தொடங்குவது. படிக்கும்போது திருத்தக் கை வரும். திருத்தினால் முதல் அத்தியாயம் ஏழாவது தடவை பளபளப்பாகும், பத்தாவது அத்தியாயம் பிறக்கவே பிறக்காது. கடைசி மூன்று பக்கம் மட்டும் படியுங்கள். கடைசிப் பத்தியைக் கையால் ஒருமுறை அப்படியே பார்த்து எழுதுங்கள். இது கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் வாக்கியத்தின் ஓட்டம் கைவழியாகத்தான் திரும்ப வருகிறது. பிறகு நோட்டின் மூன்றாம் பத்தியில் கடைசியாக என்ன இருக்கிறது என்று பார்த்து, அதை எழுதுங்கள். முதல் நாளுக்கு 50 சொல் போதும்.

ஆட்களைப் பார்த்துப் பேசுறது, படிக்கிறது, யோசிக்கிறது… இதெல்லாம் முன்னேற்றக் கணக்குல வருமா?

வரும், ஆனால் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ‘கரிப்பு மணிகள்’ எழுத அங்கேயே போய்ப் பார்த்து, அவர்களோடு பேசினார். கடலோர மீனவரைப் பற்றி எழுதியபோதும் அப்படித்தான். அந்த அலைச்சலை வெறும் தயாரிப்பு என்று ஒதுக்கினால் அந்த நாவல்களே இல்லை. நானும் தீப்பெட்டி ஆபீஸில் சின்ன வயதில் கட்டை அடுக்கிய பெண்கள் சிலரோடு உட்கார்ந்து பேசினேன். ஒரு அம்மா, பேசிக்கொண்டே இல்லாத கட்டையில் இல்லாத குச்சியை விரலால் அடுக்கிக் காட்டினார்கள். முப்பது வருடத்துக்கு அப்புறமும் விரல் மறக்கவில்லை. அந்த ஒரு மாலை 2,000 சொல்லுக்குச் சமம்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. தகவல் திரட்டுவது இனிக்கும், எழுதுவது கசக்கும். நான்கு வருடமாகப் பாளையக்காரர் காலத்து ஆவணங்களைத் திரட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார். பீரோ நிறைந்துவிட்டது, நாவலில் ஒரு வரி இல்லை. போய்ப் பார்த்து வந்த அன்றே, அரைப் பக்கமானாலும் கதைக்குள் ஒரு காட்சியாக எழுதிவிடுங்கள். தப்பாக இருந்தாலும் இருக்கட்டும்.

நேத்து எழுதின ரெண்டு பக்கத்தை இன்னிக்கு அடிச்சுட்டேன். நோட்டுல மைனஸ் போடணுமா?

போடுங்கள். நான் போடுகிறேன். −400 என்று எழுதி, பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி: ‘மாமாவே தேவையில்லை’. என் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது, எதிர்ம எண்ணும் எண்தான் என்பது. அந்த நாள் வேலை நடந்த நாள்.

பிரெஞ்சு நாவலாசிரியர் பிளாபேர் ‘மதாம் பொவாரி’ எழுத 1851 முதல் 1856 வரை ஐந்து வருடம் எடுத்துக்கொண்டார். ஒரு பக்கத்துக்காகப் பல நாள் போராடியதாகத் தன் கடிதங்களில் புலம்பியிருக்கிறார். அவரிடம் என் நோட்டு இருந்திருந்தால் பாதிப் பக்கம் சிவப்பாகத்தான் இருந்திருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை. முதல் வரைவு முடியும்வரை மைனஸ் நாட்கள் வாரத்துக்கு ஒன்றைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் நீங்கள் நாவல் எழுதவில்லை, ஒரே அத்தியாயத்துக்கு இஸ்திரி போடுகிறீர்கள். அடித்ததைக் கிழித்துப் போடாமல் வேறு உறையில் வையுங்கள். என் மாமா பிறகு ஒரு சிறுகதைக்கு வந்து சேர்ந்தார்.

சிறுகதைக்கும் இதே 200 கணக்குதானா?

இல்லை. சிறுகதையைத் தினக் கூலிக்கு எழுத வராது, எனக்கு வந்ததில்லை. மனதுக்குள் ஊறிக்கொண்டே கிடக்கும். ஒருநாள் உட்கார்ந்தால் முதல் வரைவு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். பிறகு திருத்தம் மாதக்கணக்கில் ஓடும். அதனால் சிறுகதைக்கு வரைவு எண்ணிக்கைதான் எழுதுகிறேன்: இரண்டாம் வரைவு, நான்காம் வரைவு, தொடக்கத்தை வெட்டியாயிற்று, இப்படி. வரைவு ஒவ்வொன்றுக்கும் நடுவில் குறைந்தது பத்து நாள் இடைவெளி விடுங்கள். எழுதிய சூடு ஆறாமல் திருத்தினால் எல்லா வரியும் பொன்னாகவே தெரியும்.

80 பக்கம் வரை ஜோரா போச்சு. அதுக்கு மேல ஒரு வரி நகர மாட்டேங்குது. ஏன்?

இந்தக் கேள்விக்காகவே இந்தத் தொகுப்பை எழுதலாம். எங்கள் மாடியில் வந்து உட்கார்ந்த நாவல்களில் பாதி, 70-க்கும் 100-க்கும் நடுவில்தான் படுத்துக்கொண்டன. தொடங்கும்போது கையில் இருந்த சூழலும் ஆட்களும் அந்த இடத்தில் தீர்ந்துவிடுகிறார்கள். இனி யாராவது ஏதாவது செய்தாக வேண்டும். அதுவரை நாம் ஊரை வருணித்துக்கொண்டிருந்தோம், யாருக்கும் என்ன வேண்டும் என்று கேட்கவே இல்லை. சிலருக்கு ஆள் கூடிப்போயிருக்கும். பெரியப்பா, சித்தப்பா, பக்கத்து வீடு என்று பதினேழு பேர் மேடையில் நிற்பார்கள். சிலருக்குக் கதை சொல்லும் ஆள் தப்பு. மகன் சொல்ல வேண்டிய கதையை ஊர் சொல்லிக்கொண்டிருக்கும்.

எதுவென்று கண்டுபிடிக்க நோட்டு உதவும். மூன்றாம் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். என் நோட்டில் ஒரு சமயம் ‘நாளை: பஸ் வரும்’ என்று தொடர்ந்து பதினோரு நாள் இருந்தது. எண்கள் நன்றாகத்தான் இருந்தன: 220, 190, 260. ஆனால் அந்தப் பதினோரு நாளும் சீனியம்மா ஊர் முக்கில் நின்று பனியைப் பார்த்தாள், மேலத்தெருக்காரியோடு பேசினாள், மகளுக்குத் தலை பின்னினாள். ஏறக்குறைய 2,500 சொல். பஸ் வரவில்லை.

வராததற்குக் காரணம் பஸ் இல்லை, நான்தான். பஸ் வந்தால் அந்தப் பிள்ளையை ஏற்ற வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. என் வகுப்பில் அந்த வயதில் எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் அழகழகாக எழுதிப் பஸ்ஸைத் தாமதப்படுத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். எண்ணை மட்டும் பார்த்திருந்தால் நல்ல முன்னேற்றம் என்று நினைத்திருப்பேன். உங்கள் நாவல் நின்ற இடத்தில் நீங்கள் எதை எழுதப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். விடை தெரிந்த பிறகும் உடனே எழுத வராது. எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

ஒரே நேரத்துல ரெண்டு நாவல் எழுதலாமா?

முதலாவது நின்றதால் இரண்டாவது என்றால் வேண்டாம். மேலே சொன்ன 80-ஆம் பக்கம் அதிலும் வரும். நாவலோடு சிறுகதை எழுதலாம், நல்லதும்கூட.

செல்போன்ல பேசியே டைப் பண்ணலாம்னு சொல்றாங்க. வேகமா முடியுமா?

வேகம் வரும், உண்மைதான். ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சு அதற்குப் பிடிபடுவதில்லை. ‘வெஞ்சனம்’ (தொட்டுக்கொள்ளும் கறி) என்று சொன்னால் வேறு எதையோ எழுதுகிறது. ‘பைய வா’ (மெதுவாக வா) என்றால் பையன் வருகிறான். பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சுக்கென்று அகராதியே தொகுத்தார். போனுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. நிறுத்தக்குறியும் நாம்தான் பிறகு போட வேண்டும். இதில் மிச்சமாகும் நேரமெல்லாம் திருத்தத்தில் கரையும்.

வாயால் சொல்லி எழுத வைப்பது புதிதும் இல்லை. தஸ்தயேவ்ஸ்கி 1866 அக்டோபரில் ‘சூதாடி’யை 26 நாளில் முடித்தது, சுருக்கெழுத்துக்காரரான அன்னாவுக்குச் சொல்லிச் சொல்லித்தான். நவம்பர் 1-க்குள் கொடுக்காவிட்டால் தன் நூல்களின் உரிமையைப் பதிப்பாளரிடம் பல வருடத்துக்கு இழந்துவிடும் ஒப்பந்தம் தலைக்கு மேல் தொங்கியது. ஆனால் ராத்திரி எழுதிவைத்துக்கொண்டுதான் பகலில் சொன்னார் என்று அன்னா நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த ராத்திரிகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பேசித் தட்டச்சு செய்வதானால் உரையாடல்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேச்சுதானே, வாயில் வந்தால் உயிரோடு இருக்கிறது.

எதில் எழுதினாலும் ஒரு பிரதி வேறிடத்தில் இருக்கட்டும். பழுது பார்க்கக் கொடுத்த போனில் என் மூன்று அத்தியாயம் போயிற்று. நோட்டில் இருந்த ஒரு வரிக் குறிப்புகளை வைத்துத்தான் திரும்ப எழுதினேன். இரண்டாம் முறை எழுதியது மேல் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எனக்கு ஆறவில்லை.

நாங்க வாட்ஸ்அப் குரூப்ல தினமும் எண்ணிக்கை போடுறோம். நல்ல பழக்கம்தானே?

ஆறு வாரம் நன்றாக இருக்கும். பிறகு ஒருவர் 1,500 போடுவார், இன்னொருவர் 90 போட வெட்கப்பட்டு மெதுவாக வெளியேறுவார். நவம்பர் மாதத்தில் 30 நாளில் 50,000 சொல் என்று அமெரிக்காவில் 1999-இல் தொடங்கிய இயக்கம் ஒன்று உலகம் முழுக்கப் பரவியது. அதை நடத்திய அமைப்பு 2025-இல் மூடப்பட்டது. அந்த இயக்கத்தால் முதல் வரைவை முடித்தவர்கள் நிறையப் பேர் உண்டு என்பதை மறுக்கவில்லை. நாளுக்கு 1,667 சொல் என்பது நம் தமிழ்க் கணக்கில் (முதல் கேள்வியைப் பாருங்கள்) 1,170 சொல்லை ஒட்டி வரும். பள்ளிக்கூட வேலையோடு என்னால் ஆகாது.

எண்ணைப் பொதுவில் வைப்பதில் வேறொரு சங்கடமும் இருக்கிறது. டிராலப் இறந்த மறுவருடம், 1883-இல், அவர் தன்வரலாறு வெளிவந்தது. கடிகாரம், கால் மணிக்கு 250 சொல், எந்தப் புத்தகத்துக்கு எவ்வளவு பணம் எல்லாம் அதில் இருந்தது. செருப்புத் தைப்பதைப் போல நாவல் எழுதினாரா என்று முகம் சுளித்தவர்கள் பலர். அவர் மதிப்பு அதனால் கொஞ்ச காலம் இறங்கியே கிடந்தது. குழுவில் எண்ணுக்குப் பதிலாக ‘நாளை’ வரியைப் போடுங்கள். மற்றவர்களுக்கும் படிக்க ருசியாக இருக்கும்.

தொடர்கதையா எழுத ஒத்துக்கிட்டா, கெடுவே எழுத வச்சிடுமில்ல?

வைக்கும். கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதியே முடித்தார். நம் காலத்தில் ஜெயமோகன் ‘வெண்முர’சை 2014 ஜனவரி 1-இல் தொடங்கி 2020 ஜூலை வரை, நாளுக்கு ஓர் அத்தியாயமாகத் தன் இணையதளத்தில் வெளியிட்டார். 26 நாவல்கள். ஆனால் இவர்கள் அந்தச் சுமையை ஏற்கும்போது அதற்கு முன் எவ்வளவு எழுதியிருந்தார்கள் என்று பாருங்கள். முதல் நாவலைத் தொடராக எழுத ஒப்புக்கொள்கிறவருக்கு நான் சொல்வது இதுதான்: பாதியையாவது எழுதி முடித்துக் கையில் வைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தைக் கொடுங்கள். வெளியான அத்தியாயத்தில் மைனஸ் போட முடியாது.

ஏ.ஐ. கிட்ட சொன்னா அஞ்சு நிமிஷத்துல ஒரு அத்தியாயம் தருது. அதைத் திருத்தி வச்சா என் கணக்குல சேருமா?

என் நோட்டில் சேராது. தகவல் கேட்க, எழுத்துப்பிழை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் பாடு. பஸ்ஸை நிறுத்தி வைத்த அந்தப் பதினோரு நாளை நினைத்துப் பார்க்கிறேன். கேட்டிருந்தால் அது பன்னிரண்டாவது நாள் பஸ்ஸைக் கொண்டுவந்திருக்கும். பிள்ளையும் ஏறியிருப்பாள். நான் எதற்குப் பயந்தேன் என்று மட்டும் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியும்? ஜனவரி புத்தகக் கண்காட்சிக்குக் கேக்குறாங்க.

நம் பதிப்புலகம் சென்னைப் புத்தகக் கண்காட்சியை வைத்துத்தான் சுற்றுகிறது. ஆடி முடிந்ததும் போன் வரத் தொடங்கும். தீபாவளிக்குள் பிரதி வேண்டும் என்பார்கள். அந்தக் கெடுவில் நல்லதும் உண்டு. ஆனால் ஐப்பசியில் அவசரமாகப் போட்ட கடைசி நாலு அத்தியாயத்தை எந்த வாசகரும் கண்டுபிடித்துவிடுவார். முதல் அத்தியாயத்தில் டீக்கடையில் யார் என்ன குடித்தார் என்றெல்லாம் இருக்கும், கடைசியில் இரண்டு பக்கத்தில் மூன்று சாவு.

எனக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றுதான். திருத்தும்போது நேற்று எடுத்த காற்புள்ளியை இன்று திரும்ப வைக்கிறேன் என்றால் என் கையில் அதற்குமேல் வேலை இல்லை. அப்போது வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

பத்து வருஷமா ஒரே நாவலைச் சுமந்துட்டு இருக்கேன். இதுக்குப் பேரு முன்னேற்றமா?

சுந்தர ராமசாமியின் முதல் நாவல் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966-இல் வந்தது. இரண்டாவது 1981-இல், மூன்றாவது 1998-இல். 32 வருடத்தில் மூன்று. யாரும் அவரைச் சோம்பேறி என்று சொல்லவில்லை. வருடம் எத்தனை ஆனது என்பதை வைத்து என்னால் பதில் சொல்ல முடியாது. நோட்டு இருந்தால் கொண்டுவாருங்கள். இந்த வருடத்து மூன்றாம் பத்தியும் ஐந்து வருடத்துக்கு முந்தைய மூன்றாம் பத்தியும் ஒரே மாதிரி இருந்தால் உட்கார்ந்து பேசுவோம். வேறு வேறாக இருந்தால் போய் எழுதுங்கள்.

விடலாமா என்றால், விடலாம். நானும் ஒரு நாவலை 140-ஆம் பக்கத்தில் விட்டிருக்கிறேன். விடுகிற நாளின் தேதியைப் போட்டு, ஏன் என்று எழுதி விடுங்கள். சும்மா கைநழுவிப் போனால் அது ராத்திரியில் வந்து வந்து கேட்கும்.

சரி டீச்சர், உங்க நாவல் எப்பதான் வரும்?

போன வியாழக்கிழமைக் குறிப்பை அப்படியே தருகிறேன்: ‘180. பஸ் வந்தது. பிள்ளையை ஏற்றிவிட்டாள். தூக்குவாளி கீழேயே நின்றுவிட்டது. நாளை: சீனியம்மா தூக்குவாளியோடு பஸ் பின்னால் ஓடுவாள்.’